எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்

பிழைதிருத்தும் வேலையில் ஒரு விநோதம் உண்டு. பக்கத்தை ஓட்டமாகப் படித்துக்கொண்டே போகும்போது ஏதோ ஒரு வரியில் கண் சட்டென்று நின்றுவிடும். என்ன பிழை என்று தெரியாது. பிழை இருக்கிறதா என்பதே தெரியாது. ஆனால் இடறுகிறது. திரும்பப் படித்தால் பெரும்பாலும் காரணம் கிடைத்துவிடும். ஓர் ஒற்று விடுபட்டிருக்கும், அல்லது ஒருமையில் தொடங்கிய வாக்கியம் பன்மையில் முடிந்திருக்கும். கண் நின்றது முதலில், கண்டுபிடித்தது பிறகு.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு வாழ்க்கை வரலாற்று நூலைத் திருத்திக்கொண்டிருந்தபோது இப்படி ஒரு வரியில் நின்றேன். மூன்று முறை படித்தேன். எழுத்து சரி, சந்தி சரி, வாக்கியமும் சரி. நேரமாகிக்கொண்டிருந்தது. சரி போகட்டும் என்று அடுத்த பக்கத்துக்குத் தாண்டிவிட்டேன். அந்த வரிக்கு அப்புறம் வருகிறேன்.

முடிவு முன்னால் வந்து காரணம் பின்னால் வருவது, அல்லது வராமலே போவது: உள்ளுணர்வு என்று நாம் சொல்வதெல்லாம் இந்த வரிசை மாற்றத்தைத்தான். அகராதிகள் இதை 'ஆராயாமல் நேரடியாக அறிதல்' என்ற ரீதியில் விளக்கும். தப்பில்லை. ஆனால் அந்த விளக்கத்தைப் படிக்கிறவர் 'காரணமே இல்லாத அறிவு' என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. காரணம் இல்லாததும் காரணம் சொல்லத் தெரியாததும் ஒன்றல்ல. உள்ளுணர்வைப் பற்றிய குழப்பங்களில் முக்கால்வாசி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியதால் வந்தவை.

தோணுது, படுது, உறுத்துது

பேச்சில் யாரும் 'என் உள்ளுணர்வு சொல்கிறது' என்பதில்லை. மொழிமாற்றுத் தொடர்களில் வருகிறவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். நம் வாயில் வருவது வேறு. 'எனக்கென்னவோ அவன் வர மாட்டான்னு தோணுது.' 'இது மனசுக்குச் சரியாப் படலை.' 'அன்னைக்கே உள்ளுக்குள்ள உறுத்திச்சு.' 'பட்சி சொல்லுது.'

இவற்றில் எதிலுமே 'நான்' எழுவாயாக இல்லை. வந்தாலும் 'எனக்கு', 'மனசுக்கு' என்றுதான். பசிப்பது, வலிப்பது, பிடிப்பது, தெரிவது எல்லாம் நான்காம் வேற்றுமையில் வருகிற மாதிரியே தோன்றுவதும் வருகிறது. 'நான் யோசித்தேன்' என்றால் வேலை செய்தவன் நான். 'எனக்குத் தோன்றியது' என்றால் அந்த எண்ணம் வந்து இறங்கிய இடம் மட்டுமே நான். எங்கிருந்து வந்தது என்று இலக்கணம் சொல்வதில்லை. அனுபவத்தில் அது எப்படி நேர்கிறதோ அப்படியே வாக்கியமும் அமைந்திருக்கிறது.

இந்தச் சொற்களுக்குள் தர வித்தியாசமும் உண்டு. தோன்றுவது லேசானது. 'எனக்குத் தோணிச்சு, அவ்வளவுதான்' என்று பின்வாங்க வழி இருக்கிறது. 'படுகிறது' இன்னும் கொஞ்சம் அழுத்தம், ஒரு தீர்ப்பின் சாயல். உறுத்தல் எப்போதும் கெட்ட பக்கம்தான். நல்ல விஷயம் யாருக்கும் உறுத்தியதில்லை. நெருடல் என்பது, எதிர்பார்த்ததும் கண்ணில் பட்டதும் ஒன்றோடொன்று உரசுகிற உணர்ச்சி. பட்சி சொல்வது பாதி விளையாட்டு. பலித்தால் பெருமை நமக்கு, பலிக்காவிட்டால் பழி பட்சிக்கு.

எழுத்தில் 'உள்ளுணர்வு' என்ற ஒரே சொல் இவை எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. அதில் 'உணர்வு' இருப்பதால் இதை உணர்ச்சியோடு சேர்த்துவிடுகிறவர்களும் உண்டு, அறிவுக்கு எதிர்க்கட்சி மாதிரி. பழைய தமிழில் உணர்தல் என்றால் அறிதலும்தான். ஓதி உணர்வது என்றால் படித்துப் புரிந்துகொள்வது. இன்டியூஷன் என்ற ஆங்கிலச் சொல்லோ, 'உற்றுப் பார்த்தல்' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. நம்முடைய 'தோன்று' என்பதும் கண்ணுக்குத் தென்படுவதைச் சொல்லும் வினைதான். இரண்டு மொழியிலும் இது பார்வையில் பிறந்த சொல் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் இனி வரும் கதைகள் எளிதாகப் புரியும்.

இடையில் ஒரு சின்னப் புலம்பல். ஆங்கிலத்தில் உள்ளுணர்வை ஆறாவது புலன் என்பார்கள். ஐந்து புலனுக்கும் எட்டாததை அறிகிற ஒன்று என்ற கணக்கு. அதைத் தமிழில் 'ஆறாம் அறிவு' என்று எழுதிவிடுகிறார்கள். தொல்காப்பியக் கணக்கில் ஆறாவது அறிவு மனம். மனிதரை மற்ற உயிர்களிடமிருந்து பிரிக்கும் பகுத்தறிவு என்றே அதை எல்லோரும் வழங்கி வருகிறோம். ஆக ஒரே தொடர், அங்கே யோசிக்காமல் அறிவதற்கு, இங்கே யோசித்து அறிவதற்கு. 'அவருக்கு ஆறாம் அறிவு அதிகம்' என்று எழுதினால் எந்த அறிவு என்று வாசகர்தான் உள்ளுணர்வால் கண்டுபிடிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சொற்களையும் பிரித்து வைத்துவிடலாம். இயல்பூக்கம் பிறவியோடு வருவது. சிலந்திக்கு வலை பின்ன யாரும் சொல்லித் தருவதில்லை. உள்ளுணர்வு பெரும்பாலும் சம்பாதித்தது. குத்துமதிப்பு என்பது தெரியாது என்று தெரிந்துகொண்டே சொல்வது. முன்னுணர்வு நடக்கப் போவதைப் பற்றியது. உள்ளுணர்வு இப்போது எதிரில் இருப்பதைப் பற்றியும் இருக்கலாம். தத்துவக்காரர்களின் வழக்கு தனி. டெகார்த்தேவுக்கு அது சந்தேகத்துக்கு இடமில்லாத தெளிவான மனப் பார்வை. காண்ட் அதே சொல்லைப் புலன்வழி நேராகக் கிடைப்பதற்கு வைத்துக்கொண்டார். சமஸ்கிருத மரபில் பர்த்ருஹரி 'பிரதிபை' என்று, வாக்கியத்தின் பொருள் ஒரே வீச்சில் மனதில் பளிச்சிடுவதைச் சொன்னார். இவர்களுடைய சொல்லை நம் அன்றாடச் சொல்லோடு முடிச்சுப் போட்டால் இரண்டும் கெடும். விட்டுவிடுவோம்.

குறிப்பு என்ற சொல்

எனக்குப் பிடித்த சொல் வேறொன்று, குறிப்பறிதல். திருக்குறளில் இந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. 71ஆவது பொருட்பாலில், அரசவையில் இருப்பவர் முகத்தைப் படிப்பது பற்றி. 110ஆவது காமத்துப்பாலில், காதலியின் பார்வையைப் படிப்பது பற்றி. ஒருவர் மனதில் இருப்பதை ஐயமில்லாமல் உணர்கிறவனைத் தெய்வத்துக்குச் சமமாகக் கொள்ளச் சொல்கிறது 702ஆம் குறள். அறிகிறவனுக்குத் தெய்வத்தோடு ஒப்பு உண்டு, ஆனால் அறியும் வழியில் தெய்வீகம் எதுவும் இல்லை. முகம் இருக்கிறது, கண் இருக்கிறது, அவற்றில் குறிப்பு இருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்தவன் படிக்கிறான்.

இருபதாம் நூற்றாண்டு உளவியல் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த இடமும் ஏறக்குறைய இதுதான். 1978-ல் பொருளியல் நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன், உள்ளுணர்வு என்பது அடையாளம் கண்டுகொள்வதுதான், அதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று 1992-ல் எழுதினார். சூழ்நிலை ஒரு குறிப்பைத் தருகிறது. அந்தக் குறிப்பு நினைவில் கிடக்கும் ஒன்றைத் தட்டி எழுப்புகிறது. விடை அங்கிருந்து வருகிறது. தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிடுகிறதே, மூக்கையும் நெற்றியையும் அளந்தா பார்க்கிறோம்? அந்த மாதிரி.

அவர் இதைச் சதுரங்கப் பலகையிலிருந்து பிடித்தார். வில்லியம் சேஸ் என்பவரோடு சேர்ந்து 1973-ல் வெளியிட்ட ஆய்வு அது. டச்சு உளவியலாளர் அட்ரியான் டி குரூட் முன்பே தொடங்கி வைத்திருந்த வேலையின் தொடர்ச்சி. நிஜ ஆட்டம் ஒன்றின் நடுவிலிருந்து எடுத்த காய் அமைப்பை 5 விநாடி மட்டும் காட்டி, மறைத்துவிட்டு, வேறு பலகையில் அதை அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியான கட்டத்தில் வைத்தார். புதியவருக்கு நாலைந்து காய்க்கு மேல் வரவில்லை. சரி, தேர்ந்தவருக்கு ஞாபக சக்தி அதிகம் என்று தோன்றும். அடுத்து அதே காய்களைத் தாறுமாறாக, எந்த ஆட்டத்திலும் வராத விதத்தில் இறைத்துவிட்டுக் காட்டினார்கள். தேர்ந்தவரும் ஏறத்தாழப் புதியவர் அளவுக்கு இறங்கிவிட்டார்.

இரண்டாவது பாதியில்தான் விஷயமே இருக்கிறது. அவர் பார்த்தது தனித்தனிக் காய்களை அல்ல, பழகிய கூட்டங்களை. இந்தக் கோட்டை, இந்தச் சிப்பாய் வரிசை, இந்த மூலை என்று ஒவ்வொன்றும் ஒரு துண்டாக மனதில் பதிந்திருக்கிறது. பல்லாயிரம் துண்டுகள். அவை பலகையில் இருந்தால் ஒரு பார்வையில் நல்ல நகர்த்தல் 'தோன்றும்'. இல்லாவிட்டால் அவரும் நம்மைப்போல எண்ண வேண்டியதுதான்.

தீயணைப்பு வீரர்களிடம் பல வருடம் பேட்டி எடுத்த உளவியலாளர் கேரி கிளைன் பதிவுசெய்த ஒரு சம்பவம் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரே தளமுள்ள வீடு, பின்பக்கச் சமையலறையில் தீ. குழுத்தலைவர் ஆட்களோடு உள்ளே போய்த் தண்ணீர் பீய்ச்சுகிறார். தீ அடங்கி ஒடுங்க வேண்டும். ஒடுங்கவில்லை, திரும்ப எழுகிறது. இன்னொரு முறை பீய்ச்சிவிட்டு முன்னறைக்குப் பின்வாங்கி நிற்கிறார்கள். அந்த இடத்தில் அவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. எல்லோரும் வெளியே என்றார். வெளியேறிய கொஞ்ச நேரத்தில் அவர்கள் நின்ற தரை இடிந்து விழுந்தது. தீ பிறந்த இடம் தரைக்கு அடியில் இருந்த நிலவறை. வீட்டில் நிலவறை இருப்பதே அவருக்குத் தெரியாது.

தனக்கு ஏதோ அதீத சக்தி இருப்பதாகவே அவர் நம்பினார். கிளைன் விடாமல் கேட்டுக் கேட்டு எடுத்தவை இவை: சமையலறையில் எரிகிற தீக்கு முன்னறை அவ்வளவு சுடக் கூடாது, ஆனால் சுட்டது. அவ்வளவு சூட்டுக்குத் தீ இரைச்சல் போட வேண்டும், ஆனால் அமைதியாக இருந்தது. தரை சத்தத்தை அமுக்கியிருந்தது. தண்ணீருக்குத் தீ அடங்கியிருக்க வேண்டும், அடங்கவில்லை. மூன்று குறிப்பு, மூன்றும் அவர் அதுவரை பார்த்த தீக்களோடு ஒட்டவில்லை. நிலவறை என்ற விடை அவருக்குக் கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கிடைத்தது நெருடல் மட்டும். அவ்வளவே போதுமானதாக இருந்தது.

குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் செவிலியர்களைப் பற்றியும் கிளைனின் குழு ஆராய்ந்தது. பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே இந்தக் குழந்தைக்கு ரத்தத்தில் தொற்று என்று சொல்லிவிடுகிறவர்கள் அங்கே இருந்தார்கள். எப்படி என்று கேட்டால் அனுபவம்தான் என்பார்கள். குறிப்பிட்ட குழந்தைகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பேசச் சொன்னபோது அறிகுறிகள் வரிசையாக வெளிவந்தன. அவற்றில் சில அன்றைய மருத்துவ நூல்களில் இல்லாதவை. சில, பெரியவர்களிடம் காண்பதற்கு நேர்மாறானவை.

சொல்லத் தெரியாததைச் சொல்ல வைக்கவும் முடியும் என்பதற்கு இன்னொரு நல்ல சான்று, ஒரு நாள் வயதான கோழிக்குஞ்சுகளில் ஆண் பெண் பிரிக்கும் தொழில். பழகாத கண்ணுக்கு எல்லாம் ஒரே குஞ்சு. கை தேர்ந்தவர் பார்த்த மாத்திரத்தில் இந்தப் பெட்டி, அந்தப் பெட்டி என்று போட்டுக்கொண்டே இருப்பார். காரணம் கேட்டால் கையை விரிப்பார். 1987-ல் இர்விங் பீடர்மனும் மார்கரெட் ஷிஃப்ராரும், எந்த இடத்தைப் பார்க்க வேண்டும், அங்கே எந்த வடிவம் எதைக் காட்டும் என்று ஒரு சின்னக் குறிப்புத்தாளைப் புதியவர்களுக்குக் கொடுத்துப் படங்களைப் பிரிக்கச் சொன்னார்கள். அந்தப் படங்களைப் பொறுத்தவரை அவர்கள் தேர்ந்தவர்களுக்கு இணையாக வந்துவிட்டார்கள். வருடக்கணக்கான 'கை வந்த கலை'யின் ஒரு பகுதி ஒரு தாளில் அடங்கிவிட்டது. சம்பந்தப்பட்டவர்களுக்கு இது சந்தோஷம் தந்திருக்காது.

நாக்குக்குத் தெரிந்த சந்தி

தீயும் சதுரங்கமும் மற்றவர்கள் சமாசாரம் என்று தோன்றினால், இதைப் படிக்கிற எவரிடமும் இருக்கிற ஓர் உள்ளுணர்வைக் காட்டுகிறேன். 'படித்துப் பார்த்தேன்' என்று சொல்கிறோம், 'ப்' அழுத்தமாக விழுகிறது. 'வந்து பார்த்தேன்' என்கிறோம், அங்கே அந்த 'ப்' இல்லை. 'கேட்டுப் பார்', 'விற்றுத் தீர்', ஆனால் 'சென்று பார்', 'நின்று கேள்'. 'வந்துப் பார்த்தேன்' என்று எழுதியிருந்தால் கொஞ்சம் படித்துப் பழகிய எவருக்கும் உறுத்தும். ஏன்?

வினையெச்சத்தின் கடைசியில் த்து, ட்டு, ற்று என்று வல்லினம் இரட்டித்திருந்தால் ஒற்று மிகும். ந்து, ண்டு, ன்று என்று மெல்லினம் முன்னால் நின்றால் மிகாது. வன்தொடர், மென்தொடர் குற்றியலுகரம் என்று பள்ளியில் சொல்லித் தந்திருப்பார்கள், பாதிப் பேர் அன்றே மறந்திருப்பார்கள். ஆனால் பள்ளிக்கே போகாதவரும் 'கேட்டுப் பாரு', 'வந்து பாரு' என்று பிசகாமல்தான் பேசுகிறார். ஆயிரக்கணக்கான முறை காதில் விழுந்து, விதி என்ற பெயர் இல்லாமலே விதி உள்ளே போய்விட்டது.

இன்னும் நுட்பமானதும் உண்டு. 'தட்டை உடைத்துத் தொலைத்தான்' என்றால் சொல்கிறவருக்கு எரிச்சல் என்று புரிகிறது. 'முதல் பரிசு வாங்கித் தொலைத்தான்' என்றால்? சொல்கிறவருக்கு வயிற்றெரிச்சல். 'தொலை' என்ற துணைவினை எரிச்சலைக் காட்டும் என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. மொழியியலாளர்கள் இதைத் தாய்மொழியாளரின் உள்ளுணர்வு என்றே குறிப்பிடுகிறார்கள். 1950களின் கடைசியிலிருந்து நோம் சோம்ஸ்கி வழியில் வந்த இலக்கண ஆய்வு பெருமளவு இதையே சான்றாக வைத்துக்கொண்டு நடக்கிறது: இந்த வாக்கியம் சரியாகப் படுகிறதா, படவில்லையா?

இந்த எடுத்துக்காட்டு எனக்குப் பிடிக்கக் காரணம், இதில் மர்மம் துளியும் இல்லை. அளவில்லாத பழக்கம், பேசியதும் எதிராளி முகத்தில் உடனே கிடைக்கும் பதில், மாறாத ஒழுங்கு. மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் உள்ளுணர்வு வந்தே தீரும்.

குறிப்பே பொய் சொல்லும்போது

அந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் என்ன ஆகும்? உள்ளுணர்வு வராது என்று நினைத்தால் தப்பு. வரும், அதே உறுதியோடு வரும்.

ஒரு குளத்தில் அல்லி இலைகள் பரவுகின்றன. மூடிய பரப்பு தினமும் இரட்டிக்கிறது. குளம் முழுவதும் மூட 48 நாள் ஆகும் என்றால், பாதிக் குளம் மூட எத்தனை நாள்? 24 என்று ஒரு குரல் உள்ளே சொல்லியிருக்கும். விடை 47; அதற்கு மறுநாள் இரட்டித்தால் குளம் நிறைந்தாயிற்று. ஷேன் ஃபிரெடரிக் 2005-ல் வெளியிட்ட மூன்று கேள்விச் சோதனையில் இது ஒன்று. 24 என்ற எண் வந்த விதத்துக்கும், 'வந்துப்' என்பது தப்பு என்று தெரிந்த விதத்துக்கும் உள்ளிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. எனக்கு இதுதான் உண்மையில் கவலை தரும் சங்கதி.

விமானிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. மேகத்துக்குள் அடிவானம் தெரியாது. விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து திரும்பத் தொடங்குகிறது. உள்காதில் இருக்கும் திரவம் முதலில் அந்தத் திருப்பத்தைக் காட்டும். திருப்பம் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் நீடித்தால் திரவமும் அதே வேகத்துக்கு வந்துவிடும், சமிக்ஞை நின்றுவிடும். உடம்பு 'நேராகப் போகிறோம்' என்கிறது. விமானி விமானத்தை உண்மையாகவே நேராக்கினால், இப்போது எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். அதை நம்பித் திருத்தினால் பழைய திருப்பத்துக்கே போய்ச் சுழன்று இறங்க வேண்டியதுதான். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாத நிலையில் பறக்கவைத்துப் பார்த்தார்கள். சராசரியாக 178 விநாடியில் கட்டுப்பாடு போய்விட்டது. பயிற்சி பெற்ற விமானிக்கு அந்தத் தவறான உணர்வு வராமல் போவதில்லை. அவருக்கும் அப்படியே தோன்றும். தோன்றட்டும் என்று விட்டுவிட்டுக் கருவியைப் பார்க்கக் கற்றிருக்கிறார், அவ்வளவுதான்.

கணிதத்தில் இன்னொரு விதம். ஓர் எண் வரைக்கும் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்று மதிப்பிட ஒரு சூத்திரம் உண்டு. கணக்கிட்டுப் பார்த்த எண்களில் எல்லாம் அது உண்மையான எண்ணிக்கையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டியது. எப்போதும் அப்படித்தான் என்று காஸ் முதலானோர் நம்பினார்கள். 1914-ல் லிட்டில்வுட், அது கூடுதலாகவும் குறைவாகவும் முடிவில்லாத தடவை மாறி மாறி வரும் என்று நிரூபித்தார். முதல் மாற்றம் எவரும் எண்ணிப் போய்ச் சேர முடியாத தொலைவில். கண்ணுக்குக் கிடைத்த எல்லாக் குறிப்புகளும் ஒரே பக்கம் காட்டின, எல்லாம் ஏமாற்றின. உள்ளுணர்வுக்கு உதாரணம் என்றால் முதலில் நாம் சொல்லும் பெயர் இராமானுஜன். 1913-ல் இங்கிலாந்துக் கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் அவர் குறித்தவற்றில் வியக்கவைக்கும் உண்மைகள் நிறைய. பகா எண்களின் எண்ணிக்கை பற்றி அவர் சொன்னவை மட்டும் தவறிப்போயின. அவருக்கே அப்படியா என்று கேட்பதைவிட, ஆம், இந்தத் துறை அப்படிப்பட்டது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

உளவியலாளர் டேனியல் கானமன் வாழ்நாளெல்லாம் உள்ளுணர்வின் தவறுகளை ஆராய்ந்தவர். கிளைன் அதன் வெற்றிகளை. எதிரெதிர் முகாம். இருவரும் உட்கார்ந்து பேசி 2009-ல் ஒரு கட்டுரையைச் சேர்ந்து எழுதினார்கள். அவர்கள் ஒத்துப்போன இடம்: சூழலில் உண்மையான ஒழுங்கு இருக்க வேண்டும், அதைப் பழகப் போதிய காலமும் ஒவ்வொரு தடவையும் சரியா தப்பா என்ற பதிலும் கிடைத்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒருவர் உள்ளுணர்வை நம்பலாம். அவருக்கு உள்ளே எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது. தீக்கும் குழந்தைக்கும் சதுரங்கத்துக்கும் அந்த ஒழுங்கு உண்டு. தனிப் பங்குகளின் விலை, நெடுங்கால அரசியல் கணிப்பு போன்றவற்றில் அவ்வளவு இல்லை.

வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் 'கதவைத் திறந்து உள்ளே வரும்போதே தெரிந்துவிடும்' என்பார்கள். எடுத்த ஆளைப் பற்றியாவது பின்னால் ஏதோ தெரிகிறது. வேண்டாம் என்று அனுப்பியவர் வேறெங்கோ போய்ப் பிரமாதமாக வேலை செய்தாரா என்று யார் வந்து சொல்கிறார்கள்? பாதிப் பதில்கள் வரவே வராத பள்ளியில் இருபது வருடம் படித்த அனுபவம் அது. முகம், நிறம், பேச்சு வழக்கு, சாதி, உடை இவற்றைப் பார்த்துப் பழகிய முன்முடிவும் 'எனக்கென்னவோ சரியாப் படலை' என்ற அதே வாக்கியத்தில்தான் வெளியே வரும். பயமும் அப்படியே. அடிக்கடி பதறுகிறவருக்கு எல்லாமே உறுத்தும்.

அப்புறம் 'அப்பவே நினைச்சேன்' இருக்கிறது. நடந்து முடிந்த பிறகு, முன்பே தெரிந்திருந்ததாக நினைவு தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதை பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-ல் சோதனை வைத்துக் காட்டினார். பலித்த உறுத்தல்கள் கதையாகின்றன. பலிக்காதவை மறுநாளே மறந்துபோகின்றன. கதைகளை மட்டும் எண்ணினால் எல்லோருமே தீர்க்கதரிசிகள்தான்.

உடம்பு முந்திக்கொள்கிறதா என்பது பற்றியும் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. நரம்பியலாளர் அந்தோனியோ டமாசியோவின் குழு 1990களில் ஒரு சீட்டு விளையாட்டு வைத்தது. நான்கு கட்டுகள். இரண்டில் பெரிய லாபம், அதைவிடப் பெரிய நஷ்டம். மற்ற இரண்டில் சின்ன லாபம், சின்ன நஷ்டம். எது ஆபத்தான கட்டு என்று சொல்லத் தெரிவதற்கு முன்பே, அதன் பக்கம் போகும் கையில் மெல்லிய வியர்வை தென்பட்டது. 'வயிற்றைப் பிசையுது' என்று நாம் சொல்வதற்கு ஆய்வுக்கூடச் சாட்சி என்று இது பிரபலமானது. 2004-ல் வேறு இருவர், ஆட்டக்காரர்களை இன்னும் கூர்மையாகக் கேள்வி கேட்டால் டமாசியோ குழு நினைத்ததைவிட முன்னதாகவே அறிந்திருக்கிறார்கள் என்று காட்டினார்கள். உடம்புக்குத் தெரிந்து வாய்க்குத் தெரியாமல் இருந்ததா, வாயிடம் யாரும் சரியாகக் கேட்கவில்லையா? கிளைனின் தீயணைப்பு வீரர் கதையைப் பார்க்கும்போது எனக்கு இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்கிறது.

இன்று இந்தச் சொல் அதிகம் புழங்குவது செயலிகளை விற்கிறவர்களிடம். 'இன்டியூட்டிவ்' என்றால் சொல்லித் தராமலே கைக்கு வரும் என்று பொருளாம். மேக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின் 1994-லேயே இதைப் போட்டு உடைத்தார்: அப்படிச் சொல்லப்படுவது எல்லாம் ஏற்கெனவே பழகியதைத்தான். சேமிக்கும் பொத்தானுக்கு இன்னும் பல இடங்களில் பிளாப்பி தட்டின் படம் இருக்கிறது. அந்தத் தட்டைக் கையால் தொட்டே பார்க்காத பிள்ளைகள் யோசிக்காமல் அதை அழுத்துகிறார்கள்.

அந்த வாழ்க்கை வரலாற்று நூல் அச்சாகி வந்த பிறகு ஒரு வாசகர் எழுதினார். முதல் அத்தியாயத்தில் நாயகர் பிறந்தது 1932. நான் நின்ற வரியில் இருந்தது: '1958-ல், தன் 16ஆம் வயதில்'. 26 என்று இருந்திருக்க வேண்டும். நான் மூன்று தடவையும் எழுத்தைத்தான் பார்த்தேன், கணக்கைப் பார்க்கவில்லை. 1932 எங்கோ பின்னால் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

அதிலிருந்து கண் நிற்கிற இடத்திலெல்லாம், காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு புள்ளிகளுக்குத் திரும்பிப் போய் எழுத்து, சந்தி, பெயர், எண் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பாதிக்கு மேல் வெறும் புள்ளிதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வைத்த புள்ளிகள் அனேகமாக எல்லாமே.